வட்டம் போட்ட மலை

மலாய் நாட்டு மலைச்சாலையில், ரிங்லெட் ஊருக்குக் கீழே, ராணுவத் தடுப்பில் எங்கள் பஸ் நிற்கிறது. யாரும் சோறு கொண்டுபோகக் கூடாது. காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமாம். பக்கத்து இருக்கைப் பெண் தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை பங்களாவில் துணி துவைப்பவள். மடியிலிருந்து வெற்றிலைப் பொட்டலத்தை எடுத்துப் பிரிக்கிறாள். சுற்றியிருந்த காகிதத்தில் ஒரு மலையின் படம். சரிவெங்கும் கோடுகள், மூன்று இடங்களில் பென்சில் வட்டம்.

"இது என்னம்மா?"

"துரை லீவுக்குப் போற எடம்லா. பனியில சறுக்கி வெளையாடுவாராம். நல்லா செங்குத்தா, இடுப்பளவு பனி கெடக்குற பக்கமா பாத்து வட்டம் போட்டாரு. அப்புறம் வேற மலை புடிச்சிருச்சு, இத குப்பையில போட்டுட்டாரு."

வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே சொல்கிறாள்: "எங்க வீட்டுக்காரரு கொழுந்துக் கூடையோட சறுக்கித்தான் செத்தாரு. அந்தச் சரிவும் செங்குத்துதான்."

போலீஸ்காரர் பஸ்ஸில் ஏறுகிறார். சோற்றைத் தேடி வந்த கை காகிதத்தில் நிற்கிறது. காட்டு வழிக்கு வரைபடமா, யாருக்குக் கொண்டுபோகிறாய் என்று மலாயில் அதட்டுகிறார். துரையுடையது என்று தனக்குத் தெரிந்த மலாயில் திரும்பத் திரும்பச் சொல்கிறாள். அவர் நம்பவில்லை. கையைப் பிடித்து இறக்கி, ராணுவ லாரிக்குக் கூட்டிப்போகிறார்.

படத்தின் அடியில் அமெரிக்காவின் மேற்கிலுள்ள ஏதோ ஒரு மலையின் பெயர் ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தது. பஸ்ஸில் அதைப் படித்தவன் நான் ஒருவன்தான். வாயைத் திறந்தால் என்னையும் இறக்கிவிடுவார்கள்.

பஸ் கிளம்புகிறது. சுண்ணாம்பு தடவிய வெற்றிலை அவள் இருக்கையில் கிடக்கிறது.