இடது பக்கத்து வயலின்

பெங்களூர் ஈஜிபுராவில் குடியிருந்தபோது நான் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் வேலையில் இருந்தேன். அமெரிக்க டாக்டர்கள் பேசி அனுப்பும் நோயாளிக் குறிப்புகளை ஹெட்போனில் கேட்டு டைப் செய்ய வேண்டும். ஆறு வருடமாகக் காதை நம்பித்தான் பிழைப்பு. அந்த மழைக்காலத்தில் இடது பக்கம் மந்தமாகக் கேட்க ஆரம்பித்தது. சளி என்று விட்டுவிட்டேன். சளி போயிற்று, மந்தம் போகவில்லை. ஒரு நாள் ‘ஃபிஃப்டீன் மில்லிகிராம்’ என்று டாக்டர் சொன்னதை ‘ஃபிஃப்டி’ என்று அடித்துவிட்டேன். சரிபார்க்கும் பெண் பிடித்துத் திருத்திவிட்டாள். ஆனாலும் அன்று முழுக்க எனக்குக் கை ஓடவில்லை.

அம்மாவுக்கு நாற்பது வயதிலேயே காது போனது. அதுவும் இடது பக்கத்தில்தான் தொடங்கியது. எனக்கு அப்போது முப்பத்தாறு. டாக்டரிடம் போனால் உறுதியாகிவிடுமோ என்று போகாமல் இருந்தேன். கணவரிடமும் மூச்சு விடவில்லை. பஸ்ஸில் அவர் என் வலது பக்கம் வரும்படி பார்த்து உட்காருவேன். பயத்தில் இடது பக்கத்துச் சத்தம் எல்லாமே குறைவாகத்தான் பட்டது.

அவர் பாட்டுப் பைத்தியம். சிங்கப்பூரிலிருந்து வந்த நண்பரிடம் சொல்லி, காதுக்குள்ளேயே செருகிக்கொள்ளும் உயர்ந்த ரக இயர்போன் ஒன்று வரவழைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை பெட்டியைப் பிரித்தவர், முதலில் நான்தான் கேட்க வேண்டும் என்றார். அடுப்பில் வேலை இருக்கிறது என்று நழுவப் பார்த்தேன். விடவில்லை. என் காதுக்குப் பொருந்தும் ரப்பர் முனையைத் தேடி மாட்டி, அவரே செருகிவிட்டார்.

கீழே கோழிக்கடை, ஆட்டோ, பக்கத்து வீட்டு மிக்ஸி எல்லாம் கதவைச் சாத்தியது போல நின்றன. நூறு தடவை கேட்ட பழைய பாட்டுதான். ஆனால் பாடுகிறவர் ஒவ்வொரு வரியையும் தொடங்கும் முன் மூச்சிழுப்பதை அன்றுதான் கேட்டேன். பிறகு இடது பக்கம் வயலின்கள் வந்தன. வில் தந்தியில் உரசுவதுகூடத் துல்லியமாகக் கேட்டது.

நம்ப முடியவில்லை. கழற்றிப் பக்கம் மாற்றிச் செருகினேன். வயலின் வலது காதுக்குப் போனது. அதே அளவு, அதே தெளிவு. மறுபடி மாற்றினேன். பிறகு அவரிடம் கொடுத்து, வயலின் எந்தப் பக்கம் வருகிறது என்று கேட்டேன்.

“லெஃப்ட்ல. ஏன்?”

“எனக்கும் லெஃப்ட்லதாங்க கேக்குது,” என்றேன். அழுகை வந்துவிட்டது.

இயர்போன் அவ்வளவு நன்றாக இருக்கிறதாக்கும் என்று அவருக்கு ஒரே சந்தோஷம். நான் எல்லாவற்றையும் சொன்னதும் சிரிப்பு போய்விட்டது.

“மூணு மாசமா இத மனசுல வச்சிக்கினா இருந்த? எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?” குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்கு என்னவோ செய்தது.

திங்கட்கிழமை ஆபீசில் என் ஹெட்போனைத் திருப்பி மாட்டிப் பார்த்தேன். மந்தம் வலது பக்கத்துக்கு வந்துவிட்டது. பழுது ஹெட்போனில்தான். எங்கள் டீம் லீடர் கன்னடக்காரம்மா. அன்றைக்கே சொல்லியிருந்தால் அப்போதே மாற்றியிருப்பேனே என்று திட்டிக்கொண்டே புதியது எடுத்துக் கொடுத்தார். கணவர் அதோடு விடாமல் காது டாக்டரிடமும் அழைத்துப் போனார். இரண்டு காதும் நன்றாக இருக்கின்றன என்று டாக்டர் சொன்னதும், வெளியே வந்து ஆளுக்கு ஒரு மசால் தோசை சாப்பிட்டோம்.

அந்த இயர்போனில் பேஸ் என்கிற அடிநாத அதிர்வு போதவில்லை என்று அவர் ரொம்ப நாள் குறைபட்டுக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.