அதிவே சந்தைத் தராசு

ஆவூர்ப் பக்கம் போய் முந்திரிக்கார மைக்கேல்சாமி வீடு எது என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் காட்டிவிடும். கொஸ்ஸி வீடு எது என்று கேட்டால் ஊரே முழிக்கும். இரண்டும் ஒரே ஆள்தான். இரண்டாவது பெயரைச் சொல்லிக் கூப்பிட இந்த ஜில்லாவில் ஒரு வாய் கிடையாது. ஐம்பத்து நான்கு வயதில் அந்த மனிதருக்கு இருந்த பெரிய குறையே அதுதான்.

பெயர் வந்த கதை இது. மேற்கு ஆப்பிரிக்காவில் டோகோ என்று ஒரு நாடு. அங்கே அதிவே என்கிற சந்தை ஊரில் மைக்கேல்சாமி முந்திரிக் கொட்டை வாங்கப் போய் இறங்கினார். பிறந்த கிழமையை வைத்துப் பெயர் சொல்லுவது அந்த மக்களின் வழக்கம். என்ன கிழமை பிறந்தாய் என்று கேட்டார்கள். இவருக்குத் தெரியவில்லை. ஊருக்குப் போன் போட்டு அம்மாவைக் கேட்டார்.

"கெழமையெல்லாம் எவன் பாத்தான்? கோயில்ல ரெண்டாம் பூசைக்கு மணி அடிக்கையில பொறந்தே" என்றாள் அந்தம்மா.

ரெண்டாம் பூசை ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் உண்டு. ஞாயிறு என்றால் கொஸ்ஸி. சந்தை முழுக்கக் கைதட்டி, அன்றைக்கே அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

புதுக்கோட்டை ரோட்டில் பஸ்ஸை நிறுத்தி வறுத்த முந்திரி வாங்குகிறவர்கள், அது இந்த மண்ணில் விளைந்தது என்றுதான் நினைத்துக்கொள்கிறார்கள். பாதி விளைந்தது. மீதி கப்பலில் வந்தது. அந்த மீதியை ஒரு முதலாளிக்காக வாங்கி அனுப்புகிற ஆளாகப் பதினோரு வருஷம் மைக்கேல்சாமி அங்கே இருந்தார். வருஷத்துக்கு ஆறு மாதம் சீசன். சீசன் முடிந்து அதிவேயில் இருந்த நாட்களில் உடம்பு ஓய்ந்திருக்கும். ஆவூரில் இருந்த நாட்களில் மனசு அங்கே போய்விடும். இரண்டாயிரத்து இருபதில் லீவுக்கு வந்தார். நெஞ்சு வலித்தது, திருச்சியில் ஸ்டென்ட் வைத்தார்கள், அதற்குள் கொரோனா வந்தது. இரண்டு மாத லீவு நான்கு வருஷமாகிவிட்டது.

அந்த நான்கு வருஷமும் மனிதர் ஏங்கித்தான் கிடந்தார். அஃபி என்று ஒரு கைம்பெண், முந்திரித் தோப்புக்காரி, அவள் வீட்டில்தான் அங்கே இவருக்குச் சாப்பாடு. அஃபியும் அவள் தங்கச்சியுமாக மூன்று பெண்கள் ஒரே உரலைச் சுற்றி நின்று, உலக்கை உலக்கையோடு முட்டாமல், வேகவைத்த வள்ளிக்கிழங்கை இடிப்பார்கள். அந்தச் சத்தம் காதுக்குள்ளேயே இருந்தது. வாசலில் தலை தெரிந்ததும் அஃபி "வோயேஸோ" என்பாள். இவ்வளவு தூரம் நடந்து வந்தாயே என்று உபசரிப்பு. வந்தவர் "யோ" என்று சொல்லிவிட்டு உட்கார வேண்டும். நீலப் பூப் போட்ட ஒரு பீங்கான் தட்டு இவருக்கென்றே தனியாக இருந்தது. இங்கே அந்தப் பாஷையைப் பேச ஆளில்லாமல் கோழியிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"கோழிக்காச்சும் புரியுதே" என்பாள் அருளம்மாள்.

அருளம்மாள் அவர் மனைவி. அவளும் முந்திரிக்காரிதான். ஆதனக்கோட்டைப் பக்கம் அதே முதலாளியின் ஷெட்டில் பதினைந்து வருஷம் கொட்டை உடைத்தவள். வறுக்கும் முன் மூட்டையைக் கொட்டிக் கல் பொறுக்குவது அவள் வேலை. சும்மா கிடக்கிற கல்லுதானே என்று தினம் நாலைந்தைப் பையில் போட்டுக்கொண்டு வந்து, வாசல் மூலையில் மாதாவுக்குக் குகை மாதிரி ஒரு கெபியே கட்டிவிட்டாள். செவேலென்று, நம்மூர்ச் செம்பராங்கல் மாதிரியே இருக்கும் கல். புருஷன் கடல் தாண்டிப் போயிருந்த வருஷங்களில் அந்தக் கெபி முன்னால்தான் அவள் செபமாலை சொன்னாள்.

போன வருஷம் மைக்கேல்சாமி ஒரு காரியம் செய்தார். கீரனூர் போவதாகச் சொல்லிவிட்டுத் திருச்சிக்குப் போய்ப் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்து வந்து பீரோவில், பழைய ஞானஸ்நான சர்ட்டிபிகேட்டுகளுக்கு அடியில் வைத்தார். வருகிற டிசம்பரில் ஒரு தடவை போய்வர வேண்டும். வியாபாரத்துக்கு இல்லை, சும்மா. அஃபி வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும், அவள் வோயேஸோ சொல்ல வேண்டும். அவ்வளவுதான் ஆசை. அருளம்மாளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் மாதக்கணக்காக முழுங்கிக்கொண்டிருந்தார். முழுங்குவதில் அவர் கெட்டிக்காரர்.

அப்போதுதான் தேர்தல் வந்தது. இரண்டாயிரத்து இருபத்து நான்கு ஏப்ரலில் இங்கே பார்லிமென்ட் தேர்தல். புதுக்கோட்டைக்கென்று இருந்த தொகுதியை என்றைக்கோ கலைத்து நாலு பக்கத்துத் தொகுதிகளுக்குப் பங்கு வைத்துவிட்டார்கள். யாருக்கோ போடுகிற ஓட்டு என்று முணுமுணுத்துக்கொண்டே போய்ப் போட்டுவிட்டு வந்தார். மை வைத்த விரலைப் படம் பிடித்து, வாட்ஸப்பில் கோஜோவுக்கு அனுப்பினார்.

கோஜோ அதிவேயில் அவருக்கு வலது கை. மூட்டை தூக்கியவன், பாஷை சொல்லிக்கொடுத்தவன், காய்ச்சலில் கிடந்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன். படத்தைப் பார்த்ததும் கூப்பிட்டுவிட்டான். கோஜோ பேசினால் மைக்கேல்சாமி காதில் அது ஆவூர்த் தமிழாகத்தான் விழும்.

"ஒனக்கு மை வச்சாச்சு கொஸ்ஸி. எங்களுக்கு இருவத்தொம்பதாந் தேதி. ரெண்டு தடவ தள்ளி வச்சாங்க. தள்ளித் தள்ளி என் கெழமைக்கே வந்துருச்சு."

கோஜோ என்றால் திங்கட்கிழமைக்காரன். அந்த நாட்டில் பிராந்திய கவுன்சிலுக்கு அதுதான் முதல் தேர்தல். நம்ம ஜில்லா பஞ்சாயத்தைவிடப் பெரிய சபை என்று வைத்துக்கொள்ளலாம். அதற்குக் கோஜோ நிற்கிறான். சந்தைக்குச் சந்தை பொதுத் தராசு வைப்பேன், வெளியாள் தராசில் இனி நம் கொட்டை ஏறாது என்பது அவன் வாக்குறுதி. மைக்கேல்சாமிக்கு வாயெல்லாம் பல். பிறகுதான் கோஜோ விஷயத்துக்கு வந்தான்.

"எதிராளுங்க சுத்துப்பட்டு ஊர்ல வீடு வீடாப் போய்ச் சொல்றாங்க. இந்தியாக்காரன் முள்ளத் திருகினப்ப மூட்டை தூக்கினவன் இவந்தானே, இவன் தராசு வைக்கப்போறானான்னு கேக்குறாங்க. எனக்குத் தெரியாதுன்னு நீ சொல்லணும், கொஸ்ஸி. ஒன் கொரல்ல, எங்க பாஷையில. சனிக்கெழமையோட பிரசாரம் முடியுது. சந்தையில ஸ்பீக்கர்ல போடுறேன்."

மைக்கேல்சாமி போனை வைத்தார். முள்ளைத் திருகியது உண்மை. தொங்கு தராசின் முள்ளை இரண்டு கிலோ பின்னால் தள்ளி வைத்திருந்தார். எண்பது கிலோ மூட்டை எழுபத்தெட்டு என்று காட்டும். முதலாளி சொல்லித்தான் செய்தார். ஆனால் முதலாளி அங்கே வந்து திருகவில்லை. விடியற்காலை யாரும் வருமுன் திருகியது இவர் கை. அதற்குக் கிடைத்த தனிக் கமிஷனில்தான் ஆவூர் வீட்டுக்கு மாடி எடுத்தார். பதினோரு வருஷம் அஃபி மூட்டையிலும் அந்த இரண்டு கிலோவைத் திருடிவிட்டு, அவள் வீட்டிலேயே போய்ச் சாப்பிட்டார்.

ஒரு வாரம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. சொன்னால் கோஜோ தப்பிப்பான், ஆனால் அந்த ஊரில் கொஸ்ஸி என்கிற பெயர் அன்றோடு முடிந்தது. வோயேஸோ சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள், டிசம்பரும் போச்சு. சொல்லாவிட்டால் கோஜோ தோற்பான். தோற்றவன் முகத்தில் போய் எப்படி முழிப்பது? எங்கிட்டுத் திரும்பினாலும் அதிவேக்கு வழி அடைத்துத்தான் கிடந்தது.

"என்னங்க, மூஞ்சியே சரியில்ல. நெஞ்சு வலிக்குதா?" என்று அருளம்மாள் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல அருளு. வெயிலு."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாடிக்குப் போனார். வீட்டில் டவர் நன்றாகக் கிடைப்பது அங்கேதான். அந்தக் கமிஷனில் கட்டிய மாடியில் நின்றுகொண்டே பேசினார். "அதிவே மக்களே, கொஸ்ஸி பேசுறேன். முள்ளத் திருகினது நான்தான். பதினோரு வருசம் திருகினேன். கோஜோவுக்கு ஒண்ணும் தெரியாது. அவன் நல்லவன், அவனுக்குப் போடுங்க. என்னை மன்னிச்சிருங்க." ஒரு நிமிஷம்கூட இல்லை. அனுப்பிவிட்டு, அழித்துவிடலாமா என்று அழிக்கிற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு நின்றார். இரண்டு நீலக் கோடு விழுந்துவிட்டது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.

ஓட்டுப் பதிவு முடிந்தது. முடிவு வரச் சில நாட்கள் ஆயின. கோஜோ ஜெயித்துவிட்டான். கவுன்சிலர் ஆகிவிட்டேன் என்று ஒரு வரி, கூடவே ஆடுகிற கூட்டத்தின் வீடியோ. அந்தக் கூட்டத்தில் அஃபி இருக்கிறாளா என்று மைக்கேல்சாமி நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். ஒரு ஓரத்தில் இருந்தாள், ஆடவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் இல்லை. பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்துவிட்டு, இன்னும் அடியில் தள்ளி வைத்தார்.

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ரெண்டாம் பூசை முடிந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது போன் அடித்தது. புது நம்பரிலிருந்து குரல் செய்தி. அமுக்கினார். அஃபியின் குரல். மாதா கெபி முன்னால் நின்றபடியே கேட்டார். முதலில் முகம் வெளுத்தது. பிறகு சிரித்தார். சிரித்துக்கொண்டே இருக்கும்போது கண்ணில் தண்ணீர் வந்தது. அருளம்மாள் கரண்டியோடு வெளியே வந்துவிட்டாள்.

"யாருங்க அந்தப் பொம்பள? என்ன சொல்லுது?"

பதினைந்து வருஷத்தில் முதன்முறையாக அந்தப் பாஷையை அவளுக்குத் தமிழில் சொன்னார். மறுபடி ஓட்டி, ஒவ்வொரு வரியாக நிறுத்திச் சொன்னார்.

"கொஸ்ஸி, அஃபி பேசுறேன். சந்தையில ஒன் கொரலப் போட்டாங்க. கேட்டுட்டு ஊரே சிரிச்சுச்சு. முள்ளு பின்னாடி போனது மொத வருசமே எங்களுக்குத் தெரியும். கண்ணு இல்லாமயா கொட்டை பொறுக்குறோம்? கோஜோதான் யோசனை சொன்னான். கொஸ்ஸி சாக்கு வாயில கைய விட்டுத்தான் மாதிரி எடுப்பான், அடியப் பாக்க மாட்டான், மூட்டைக்கு ரெண்டு கிலோ கல்லப் போடுங்கன்னான். பதினோரு வருசமும் போட்டோம். நீயும் எடுத்தே, நாங்களும் எடுத்துக்கிட்டோம். அதுல எனக்குக் கோவம் இல்ல. ஆனா ஒண்ணு கேக்குறேன். எத்தனையோ நாள் எங்க வீட்டுல தட்டு முன்னாடி ஒக்காந்தே. ஒரு நாளாச்சும் வாயத் தொறந்து சொல்லியிருக்கக் கூடாதா? நாங்களும் கல்லச் சொல்லியிருப்போம், சிரிச்சிட்டுச் சாப்பிட்டிருப்போம். கோஜோ ஓட்டுக்கு ஒதவும்னதும் ஸ்பீக்கர்ல சொல்ற. ஒன் தட்டு இங்கதான் இருக்கு. வேற யாருக்கும் அதுல போடல. வோயேஸோ."

கோஜோ கவுன்சிலர் ஆனதில் ஆச்சரியமே இல்லை. அதற்கென்றே பிறந்தவன்.

மைக்கேல்சாமி போனைப் பார்த்து "யோ" என்றார்.

அருளம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள். அண்ணாந்து மாடியைப் பார்த்தாள்.

"அப்ப இந்த மாடி..."

"ஆமா அருளு."

பிறகு அவள் பார்வை இறங்கி மாதா கெபிக்கு வந்தது. ஒரு கல்லைத் தொட்டாள். அடுத்ததைத் தொட்டாள். ஷெட்டில் ஆப்பிரிக்கா மூட்டை என்றாலே கல் ஜாஸ்தி என்று கங்காணி கத்துவது நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

"இம்புட்டும் அவுக போட்ட கல்லா?"

மைக்கேல்சாமி அப்போதுதான் அந்தக் கெபியை உற்றுப் பார்த்தார். நான்கு வருஷமாக எந்த ஊர் மண்ணுக்கு ஏங்கினாரோ அது அவர் வாசலிலேயே ஆளுயரம் நின்றிருந்தது. இதில் எது அஃபி போட்டது, எது அவள் தங்கச்சி போட்டது? தெரியாது. முட்டி போட்டு உட்கார்ந்து அடிக் கல்லில் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். வெயிலில் சுட்டது. எடுக்க மனமில்லை.

அருளம்மாள் உள்ளே போனாள். பாத்திரம் உருண்டது. திட்டப்போகிறாள் என்று காத்திருந்தார். திட்டவில்லை. தட்டை எடுத்து வந்து தரையில் வைத்தாள். சோறு போடவில்லை. வெறும் தட்டு. எதிரே தானும் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"வாங்க, வந்து ஒக்காருங்க. அந்தம்மா கேட்டதத்தான் நானும் கேக்குறேன். தட்டு முன்னாடி ஒக்காந்துக்கிட்டு எங்கிட்ட இன்னும் என்னென்ன சொல்லாம வச்சிருக்கீங்க? சொல்லுங்க. அப்புறம் சோறு போடுறேன்."

மைக்கேல்சாமி கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். தட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"பீரோல, சர்ட்டிபிகேட்டுக்கு அடியில, புதுப் பாஸ்போர்ட்டு ஒண்ணு இருக்கு அருளு" என்று ஆரம்பித்தார்.