மூன்று சீசன் பயிற்சி

குற்றாலத்தில் ஒரு லாட்ஜின் வரவேற்பில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது, அறைகளைச் சுத்தம் செய்த அக்கா கடையத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார். சீசனில் ஒரு மாடி முழுவதையும் தனியாளாகத் துடைத்து, விரிப்பு மாற்றிவிடுவார். ஆனால் வருகைப் பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே ‘பயிற்சிப் பணியாளர்’ என்றுதான் இருக்கும். அதனால் சம்பளமும் பாதிதான்.

மூன்றாவது சீசன் தொடங்கிய அன்று மேனேஜர், இன்னும் பயிற்சியில்தான் இருக்கிறேன் என்று எழுதி வாங்கும் தாளை மறுபடியும் நீட்டினார். அக்கா பேனாவை வாங்கவில்லை.

“மூணு வருசமா பெட்ஷீட் விரிக்கேன். இன்னும் என்ன சார் படிக்கணும் நான்?”

“இஷ்டம் இல்லேன்னா வீட்ல இரு.”

அக்கா வீட்டில் இருக்கவில்லை. மறுநாளே தென்காசிக்குப் போய், தொழிலாளர் அலுவலகத்தில் விசாரித்து, அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியப் பட்டியலை நகலெடுத்து வந்தார். விரிப்புகள் அடுக்கிவைக்கும் அறைக்கு எல்லாரையும் கூப்பிட்டு, தாளை என் கையில் கொடுத்தார்.

“எனக்குப் பொடி எழுத்து தெரிய மாட்டேங்கு. சத்தமா வாசி தங்கச்சி, எல்லாரும் கேக்கட்டும்.”

வாசித்தேன். துப்புரவுப் பணியாளர், சமையல் உதவியாளர், காவலாளி. அடுத்த வரி வரவேற்பு எழுத்தர். அதற்கு எதிரே இருந்த தொகையை இன்னொரு முறை பார்த்தேன். பட்டம் வாங்கிய நானும் அந்தத் தொகைக்குக் கீழேதான் வாங்கிக்கொண்டிருந்தேன். அதுவரை அக்காவுக்காகப் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்தவள் நான்.

பட்டியல்படி சம்பளம் கேட்டு தொழிலாளர் அலுவலகத்துக்கு மனு எழுதினோம்; அதில் முதல் கையெழுத்து அக்காவுடையது. வேலை போய்விடுமோ என்று நான் தயங்கினேன்.

“பயமா இருந்தா வேண்டாம். நான் கோவிச்சுக்கிட மாட்டேன்” என்றார்.

அதற்குப் பிறகு அவர் கேட்கவே இல்லை. மூன்று நாள் கழித்து நானே போய்க் கேட்டு வாங்கிக் கையெழுத்திட்டேன்.

விசாரணையில் மேனேஜர், “இவங்க இன்னும் வேலை பழகுற ஆள்தான் சார்” என்றார்.

“யாரு பழக்குதாவன்னு கேளுங்க சார்” என்றார் அக்கா. “போன மாசம் சேந்த ரெண்டு பேருக்கு நான்லா வேலை சொல்லிக் குடுத்தேன்!”

அதிகாரி மேனேஜர் பக்கம் திரும்பினார். அவரிடம் முறையான பயிற்சி ஒப்பந்தமும் இல்லை, பயிற்சிக்குக் காலக்கெடுவும் இல்லை. அந்தப் பயிற்சி செல்லாது, எல்லாருக்கும் பட்டியல்படி தரவேண்டும் என்று உத்தரவாயிற்று.

இழுத்தடித்து, சாரல் ஓய்கிற நேரத்தில்தான் புதுச் சம்பளம் வந்தது. மேனேஜர் வெகுநாள் அக்காவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அக்கா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை.

கூட்டம் குறைந்த ஒரு நாள், பக்கத்துத் தெரு ஹோட்டலில் வேலை செய்யும் இரண்டு பெண்கள் அவரைத் தேடி வந்தார்கள். அக்கா வாளியை ஓரமாக வைத்துவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்தார்.

“இங்கன உக்காருங்க. எங்க போணும், என்ன கேக்கணும்னு ஒண்ணொண்ணா சொல்லுதேன்.”