பட்டப்பகலில் டார்ச் லைட்

பின்மூடி கழன்று விழாமலிருக்க ரப்பர் வளையம் சுற்றிய பழைய டார்ச் லைட் அது. குடும்ப நல நீதிமன்றத்தின் தாழ்வாரத்தில், வெயில் சுள்ளென்று அடிக்கும் நேரத்தில், அதை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மலைக்காரப் பெண் உட்கார்ந்திருப்பார். முதல் தடவை பார்த்தபோது எனக்கும் சிரிப்பு வந்தது. ஒரு குமாஸ்தா கேட்டேவிட்டார்: "பட்டப்பகல்ல இன்னாத்துக்குமா டார்ச்சு?" அந்த அம்மா நிமிர்ந்து பார்த்து, "திரும்பிப் போறதுக்கு சார்" என்றார். மலைமேல் ஜமுனாமரத்தூரில் கடைசி பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகு அவர் ஊருக்குக் காட்டு வழியில் நடக்க வேண்டும். வரும்போதும் இருட்டு, போகும்போதும் இருட்டு. நடுவில் இருக்கும் பகல் முழுவதையும் எங்கள் நீதிமன்றம் எடுத்துக்கொண்டது.

அவருடைய வழக்கை நடத்தியவர் எங்கள் வழக்கறிஞர் சங்கத் தலைவர். படவேட்டுப் பக்கத்துக் கரும்பு விவசாயி வீட்டுப் பிள்ளை. வாயைத் திறந்தால் கோர்ட் வளாகத்துக் காக்கைகள் பறக்கும். நான் அவருடைய ஜூனியர் இல்லை. சொல்லப்போனால் சங்கக் கூட்டங்களில் அவருக்கு எதிராகவே அதிகம் கை தூக்கியவள். குடும்ப வழக்குகளுக்கு வக்கீல் கட்டணத்தில் ஒரு வரம்பு வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்ததும் நான்தான். கைக்குழந்தையோடு ஜீவனாம்சம் கேட்டு வரும் பெண்கள் காதில் கிடந்ததைக் கழற்றி விற்றுவிட்டு வருவதைப் பார்த்துப் பார்த்து எனக்கு வெறுத்துப் போயிருந்தது. தலைவருக்கு என் தீர்மானத்தைக் கண்டாலே ஆகாது. "டாக்டர் வூட்டு வாசல்ல போயி இந்த வரம்ப கேட்டுப் பாரும்மா. நம்மகிட்ட மட்டும் இன்னாத்துக்குக் கேக்குற?" என்பார். எனக்குக் கோபம் வரும். ஆனால் அவர் ஏழைக் கட்சிக்காரர்களை விரட்டியதை நான் பார்த்ததில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அந்த அம்மாவின் கதை மலையில் யாருக்கும் புதிதல்ல. முதல் கணவரோடு ஒத்துவரவில்லை. ஊர்ப் பெரியவர்கள் கூடி, இரு தரப்பையும் கேட்டு, பரிசப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வைத்து, ஒரே மாலையில் இருவரையும் பிரித்துவிட்டார்கள். அதோடு முதல் கணவர் கேரளத்து மிளகுத் தோட்டத்துக்கு வேலைக்குப் போய்விட்டார். இந்த அம்மா பிறகு வேறொருவரைக் கட்டிக்கொண்டார். கொஞ்சம் சாமை விளையும் நிலமும் சில புளிய மரங்களும் உள்ள, குணமான மனிதர். அவருக்கு நெஞ்சில் நோய் வந்தது. தான் கண் மூடுவதற்குள் இவளைத் தன் மனைவி என்று குடும்ப அட்டையில் எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் தம்பிமார் இவளை நிலத்தை விட்டுத் துரத்திவிடுவார்கள் என்று அவர் பயந்தார். ஆனால் அரசாங்கக் காகிதத்தில் இந்த அம்மா இன்னும் முதல் கணவரின் மனைவி. தாலுகா அலுவலகத்தில், கோர்ட் உத்தரவு கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

தலைவர் விவாகரத்து மனு போட்டார். கேரளத்துக்கு அனுப்பிய நோட்டீஸ் ஆள் இல்லை என்று திரும்பி வந்தது. மறுபடி அனுப்பினார்கள், மறுபடியும் திரும்பி வந்தது. நடுவில் நீதிபதி மாறினார். புது நீதிபதி வரும்வரை நாற்காலி காலியாகக் கிடந்தது. ஒவ்வொரு தடவையும் வாய்தா, அதாவது இன்னொரு தேதி. வழக்கைக் கூப்பிடும்போது பொழுது சாய்ந்துவிடும். கடைசி பஸ்ஸுக்காக அந்த அம்மா கிளம்பிப் போயிருப்பார். மனுதாரர் ஆஜராகவில்லை என்று பதிவாகும். டார்ச் லைட்டும் அவருமாக வருடங்கள் போயின.

கட்டண வரம்புத் தீர்மானம் விவாதத்துக்கு வந்த நாளில் சங்க அறை நிரம்பியிருந்தது. சாதாரணமாகத் தேநீருக்கு மட்டும் வருகிறவர்கள்கூட நாற்காலி பிடித்திருந்தார்கள். நான் பேசி முடித்ததும் தலைவர் எழுந்தார். "கட்டணத்துக்கு வரம்பு வெக்கணும்னு தங்கச்சி சொல்லுது. சரி. ஒரு கேசு வருசக்கணக்கா இழுத்தா அதுக்கு யாரு வரம்பு வெக்கறது? வாய்தாவுக்கு வரம்பு வையி, கூலி தானா கொறையும்" என்றார். மேசைகள் தட்டப்பட்டன. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது என்பதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. அந்த நேரத்தில் வாசலில் அந்த அம்மா வந்து நின்றார். "சார், நம்மளுத இன்னிக்கிக் கூப்புடுவாங்களா? பஸ்ஸு போயிடும்" என்றார்.

பேச்சில் உதாரணம் காட்ட ஒருவர் கிடைத்தால் தலைவர் விடமாட்டார். "இந்தாம்மா, உள்ள வா. உங்க ஊர்ல உன் பஞ்சாயத்து எத்தினி நாள்ல முடிஞ்சிது, இவங்களுக்குச் சொல்லு" என்றார். அந்த அம்மா கூச்சத்தோடு, ஊர் கூடியதையும் பரிசம் திரும்பியதையும் சொன்னார். "எங்க சனத்துல அதான் சார் வழக்கம். அதோட அறுந்துது. அதுக்கு மேல கோர்ட்டு இன்னா அறுக்கப் போவுதுன்னு எனக்குத் தெரில" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. பேசிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. பேச்சை முடிக்காமல் உட்கார்ந்துவிட்டார்.

அவருக்கு என்ன தோன்றியது என்பது எனக்கும் அப்போதுதான் உறைத்தது. அவர் மனு போட்டது இந்துத் திருமணச் சட்டத்தின் கீழ். எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான் போடுவோம். ஒரே மனு, பெயரையும் ஊரையும் மாற்றினால் வேலை முடிந்தது. ஆனால் மலையின் பழங்குடி மக்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அவர்களுடைய வழக்கமே அவர்களுக்குச் சட்டம். ஊர் பிரித்தது பிரித்ததுதான். அதை உண்மை என்று அறிவிக்கும்படி மட்டும் நீதிமன்றத்தைக் கேட்டிருக்க வேண்டும். கல்லூரியில் படித்து, தேர்வில் எழுதி, அதோடு மறந்த பாடம். நீதிபதிகள் மாறியும் யார் கண்ணிலும் படவில்லை.

அவர் சும்மா இருந்திருக்கலாம். அந்த மனுவில் என்றாவது ஒரு நாள் உத்தரவு வந்திருக்கும். அது பின்னால் செல்லாமல் போனால் அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கலாம். அந்தப் பெருங்குரல்காரர் மறுவாரமே நீதிபதி முன் நின்று, தான் தவறான சட்டத்தில் மனு போட்டுவிட்டதாகத் தாழ்ந்த குரலில் சொல்லி, அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். பின்வரிசையில் யாரோ கனைத்தார்கள். வெளியே வந்து அந்த அம்மாவிடமும் மறைக்காமல் சொன்னார். "தப்பு என்னுதும்மா. மொதல்ல இருந்து போடணும்." அந்த அம்மா டார்ச்சை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு, "அவரு அதுவரைக்கும் தாங்கணும் சார்" என்று மட்டும் சொன்னார்.

புது மனு போட்டதும் தலைவர் நோட்டீஸை மட்டும் நம்பவில்லை. தானே மலைக்குப் போய் ஊர்ப் பெரியவர்களிடம் சொன்னார். நீதிமன்றத்தின் தபால் தேடிக் கண்டுபிடிக்க முடியாத முதல் கணவரை, ஊர் சொல்லி அனுப்பிய ஒரு சொல் கேரளத்திலிருந்து கூட்டிவந்தது. பெரியவர்களோடு ஒரே பஸ்ஸில் வந்து இறங்கி, "ஆமாங்க, ஊரு பிரிச்சி வுட்டுச்சி. எனக்கு ஒண்ணும் வில்லங்கம் இல்ல" என்று கூண்டில் சொன்னார். ஆனாலும் அந்த மழைக்காலம் முழுவதும் போய்த்தான் உத்தரவு வந்தது.

அன்று தலைவர் பழைய குரலில் பேசினார். "முடிஞ்சிதும்மா. இனிமே சட்டப்படியும் நீ அவரு பொண்டாட்டி. கொண்டும்போயி அவருகிட்டக் காட்டு" என்றார். அந்த அம்மா காகிதத்தை வாங்கி மடித்துக்கொண்டார். "அவரு போயி, காரியமும் முடிஞ்சிடுச்சி சார்" என்றார். "சொன்னா கேசு நின்னுடுமோன்னு பயந்துக்குனு உங்ககிட்டச் சொல்லல." நானும் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அந்த அம்மாவே தொடர்ந்தார். "பொண்டாட்டின்னு எழுத இத்தினி வருசம் ஆச்சி. விதவைன்னு எழுத அவ்ளோ நாளு ஆவாதில்ல சார்?" அதில் குத்தலே இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். தலைவர் பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்து, கழுத்துப் பட்டையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். அந்த உத்தரவை வைத்துத்தான் பிறகு வாரிசுச் சான்றிதழ் கிடைத்தது, நிலம் அந்த அம்மாவிடமே நின்றது. ஆனால் அந்த மனிதர் பயத்தோடே கண் மூடினார். இதை நினைக்கும்போது இப்போதும் எனக்கு மனம் ஆறுவதில்லை.

அடுத்த கூட்டத்தில் தலைவர் சுருக்கமாகப் பேசினார். "கட்டணத்துக்கு வரம்பு வெக்கறதோ வுடறதோ உங்க இஷ்டம். மலைக்காரங்க கேச மத்தியானத்துக்கு முன்னாடி கூப்புடச் சொல்லி ஜட்ஜய்யாவக் கேளுங்க." அது ஒருமனதாக நிறைவேறியது, அப்போதிருந்த நீதிபதியும் ஒப்புக்கொண்டார். என் தீர்மானம் போதிய உறுப்பினர்கள் இல்லாததால் ஒத்திவைக்கப்பட்டது. தீர்மானங்களுக்கும் எங்கள் ஊரில் வாய்தா உண்டு.

தலைவர் இப்போது இல்லை. அவர் படம் சங்க அறைச் சுவரில், காலண்டருக்குப் பக்கத்தில் தொங்குகிறது. போன வாரம் கட்டண வரம்பு மறுபடி விவாதத்துக்கு வந்தது. டாக்டர் வீட்டு வாசல் உதாரணத்தை இந்தத் தடவை ஓர் இளைஞர் சொன்னார். தானே கண்டுபிடித்தது என்று நினைத்திருப்பார். நான் எழுந்து, அதே தீர்மானத்துக்காக, நரைத்த தலையோடு பேசிக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். "மேடம், நம்மளுத எப்ப கூப்புடுவாங்க? மலைக்குக் கடைசி பஸ்ஸு போயிடும்" என்றாள். மலை வழக்குகளை முதலில் கூப்பிடும் வழக்கம் அந்த நீதிபதியோடு மாற்றலாகிப் போய்விட்டது. அவள் கையிலிருந்த செல்போனில், எங்கோ விரல் பட்டு, விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு அவளோடு நீதிமன்ற அறைப் பக்கம் நடந்தேன். பட்டியலில் அவள் வழக்கு கடைசிப் பக்கத்தில் இருந்தது.

"லைட்டு எரியுதும்மா, அணைச்சி வையி" என்றேன். "சாயங்காலத்துக்கு வேணும்."