மாட வீதி முனையில் அந்தோணி

லஸ்ஸில் மோட்டார் ஷெட் வைத்திருந்த அந்தோணி போய்விட்டான். சாந்தோமில் மீன் விற்கும் அவன் தங்கை, தலையில் கூடையில்லாமல் என் வாசலில் வந்து நின்றாள். "அண்ணன் பூட்டாரு, மாமா."

நான் வக்கீல் வீட்டு டிரைவர். மூன்றாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் என்னைத் தாங்கவில்லை. ஆனால் கிண்டி பந்தயத்துக்கு வந்த துரைமார் நான் வண்டி ஓட்டுவதைப் பார்த்துக் குதிரையைக் கோட்டைவிட்ட நாள் உண்டு. இதைச் சொன்னால் அந்தோணி சிரிப்பான். "நைனா, வண்டி எண்ணெயில ஓடுது, உன் வாயில இல்ல."

வக்கீல் ஐயா பெண்ணின் ஜானவாச ஊர்வலத்தன்று, திறந்த மோட்டாரில் மாப்பிள்ளை. முன்னால் நாயனம், தவில். நடை வேகத்தில் ஊர்ந்து, மாட வீதி முனையில் இஞ்சின் புகைந்தது. நிறுத்தி, எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை இழுத்தேன். வரவில்லை. மூன்று ஆள் பலம் எனக்கு, அதற்கும் அசையவில்லை. எண்ணெய் எவ்வளவு இருக்கிறதென்று தெரியாமல் ஓட்டினால் இஞ்சின் போய்விடும். மாப்பிள்ளையோடு வண்டியைத் தள்ளுவது அபசகுனம் என்றார்கள். அவரை இறங்கவும் விடவில்லை. பின்னால் ஜட்கா வரிசை, முன்னால் பத்தாயிரம் ஜனம், குறைத்தே சொல்கிறேன். வக்கீல் ஐயா என் காதருகே குனிந்தார்.

"ஏழு மணிக்குள்ள சத்திரத்துல நிச்சயதார்த்தம். வண்டி போகலேன்னா நாளைலேர்ந்து நீ வராதே."

அந்த முனையில் ஒளிய இடமில்லை, ஓட வழியில்லை.

நாயனம் கேட்கக் கூட்டத்தில் நின்ற அந்தோணி வந்து பானெட்டுக்குள் தலையை விட்டான். "இழுக்காத. சூடு ஆறணும். அர மணி ஆவும்." எனக்கு உயிரே போய்விட்டது. அவனோ நேரே நாயனக்காரரிடம் போய்க் கும்பிட்டான்.

"அண்ணாத்தே, இங்கியே நின்னு ஒண்ணு பெருசா வாசிங்க."

வீதி முனையில் ஊர்வலம் நின்று ராகம் வாசிப்பது வழக்கம்தானே. அவர் தோடியை எடுத்தார். ஜனம் வண்டியை மறந்து தெருவிலேயே உட்கார்ந்தது. வக்கீல் ஐயா மட்டும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்தோணி மண்ணெண்ணெயைச் சொட்டுச்சொட்டாக விட்டு, கம்பியை இப்படியும் அப்படியும் மெல்லத் திருப்பிக்கொண்டே இருந்தான். தவில் ஓய்வதற்குள் கம்பி வந்தது. அதன் கழுத்தில் ஒரு துணிச் சுருள்.

அது நான் வைத்தது. கம்பி கடகடக்கும் சத்தம் மாப்பிள்ளை காதில் விழக்கூடாதென்று, என் பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றிச் சுத்தியலால் தட்டி இறக்கியிருந்தேன்.

"என்னடா அது?" என்றார் வக்கீல் ஐயா.

அந்தோணி துணியைக் கைக்குள் மடக்கிக்கொண்டான். "சூட்ல புட்ச்சிக்கிச்சு, சாமி. உங்க டிரைவர் நிறுத்தினதால இஞ்சின் பொயச்சிது."

எண்ணெய் ஊற்றி, ஏழுக்கு முன்பே சத்திரம் சேர்ந்தேன். அதன்பின் மயிலாப்பூர் முழுக்க, கம்பியை உருவியவன் நான்தான் என்று சொல்லித் திரிந்தேன். அந்தோணி பக்கத்தில் நின்று தலையாட்டுவான். 'துணியை ஏன் வெச்ச' என்று தனியாகக்கூட ஒரு நாளும் கேட்டதில்லை.

அந்தோணிக்காக நான் எழுதும் இதை வக்கீல் ஐயாவும் படிப்பார். படிக்கட்டும். இப்போது வழியில் எவன் வண்டி மக்கர் செய்து நின்றாலும், கெடுத்தது யார் என்று கேட்காமல் பானெட்டைத் திறக்கிறேன். அந்தோணியிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான்.