காஜா பெராங்கில் நின்ற மாப்பிள்ளை லாரி

மலாயா சுதந்திரம் பெற்ற ஆண்டு. மலாக்காவின் தெங்கேராவில் எனக்குத் திருமணம். முகூர்த்தம் நெருங்குகையில், எங்கள் லாரி வழியில், காஜா பெராங்கில் ஆவி கக்கி நிற்கிறது.

"எலுமிச்சம்பழம் நசுக்காம எடுத்தியே!" என்று டிரைவரைக் கடிந்துகொள்கிறாள் என் அக்காள்.

அவர் எஞ்சின் மூடியைத் திறந்து உள்ளிருக்கும் விசிறியைப் பிடித்து அசைக்கிறார். அது தண்டோடு ஆடுகிறது. அதன் பின்னாலுள்ள பம்பின் அடியில் நீர் ஒழுகுகிறது.

"பழமில்லக்கா, வாட்டர் பம்ப் பேரிங் போச்சு. தண்ணி ஊத்தி ஓட்டினாலும் விசிறி ரேடியேட்டரக் கிழிச்சிரும்."

பக்கத்து வீட்டிலிருந்து குடத்தில் நீர் கொணர்ந்த மலாக்காச் செட்டிப் பெரியவர், தலைமுறைகளாக மலாயே பேசும் தமிழ் வம்சத்தவர், தமிழறியாதவர். என் மாலையைப் பார்த்து, "ஜாலான் காக்கி சஜா லா, டெக்காட்!" என்கிறார். நடந்தே போகலாம், பக்கந்தானாம்.

குடத்தை இறக்கிவிட்டு, வீட்டிலிருந்து குடை எடுத்து வந்து என் தலைக்குமேல் பிடிக்கிறார், பந்தல்வரை மடக்கவில்லை.

அக்குடையின்கீழ் நான் இன்னும் நடந்துகொண்டிருக்கிறேன்.