ஆலை வாசல்வரை தெரிந்த நாரைக் கதை

என் மகளுக்கு ஒரு கதைகூடத் தெரியாது என்று ஊருக்கே அச்சடித்துச் சொன்னவன் நான். அவளுக்கு ஒரு கதைகூடச் சொல்லாதவனும் நானேதான். கட்டுரையில் முதல் விஷயத்தை மட்டும் எழுதியிருந்தேன்.

எழுபதுகளின் தொடக்கம். மீஞ்சூரில் குடியிருந்தோம். ரயிலேறி மெட்ராஸ் ஆபீசுக்குப் போய் வந்த நேரம் போக, பத்திரிகைகளுக்கு நகைச்சுவை எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு வாரம் விஷயம் கிடைக்கவில்லை. எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்த மகள் கிடைத்தாள். ஐந்தாம் வகுப்பு.

“பழவேற்காடு ஏரியில நாரை ஏன் ஒத்தக் கால்ல நிக்குது, சொல்லு.”

“இன்னொரு கால் வலிக்குமா இருக்கும்பா.”

போதாதா? இந்தத் தலைமுறைக்குக் கதையே தெரியவில்லை என்று இரண்டு பக்கம் புலம்பினேன். அவள் பதிலை அப்படியே போட்டேன். ரயிலில் நாலு பேர் கைகுலுக்கினார்கள்.

அவளுடைய டீச்சர் அதை வகுப்பிலேயே வாசித்துக் காட்டினாராம், பெருமையாக. அன்று முதல் அவள் பெயர் ‘கால்வலி நாரை’. ஆண்டு விழாவில் கதை சொல்லப் பெயர் கொடுத்திருந்தவள், தானே போய்ப் பெயரை அடித்துவிடச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். என் மனைவி சொல்லித்தான் எனக்கே தெரியும்.

பள்ளிக்கு ஓடினேன். “அவ சரின்னா சேத்துடலாம் சார்” என்ற டீச்சர், “கட்டுரை பிரமாதம் சார், சிரிச்சி சிரிச்சி வயிறே வலிச்சிடுச்சி” என்றார். அந்த நிலையிலும் நன்றி சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மகளை உட்காரவைத்து நாரைக் கதையை ஆரம்பித்தேன். கடல் ஏரியை இழுத்துக்கொண்டு போய்விடும் என்று மீன்கள் அழுதன. ஒரு காலால் ஏரியை மிதித்துப் பிடித்துக்கொள்கிறேன் என்றது நாரை. மற்றக் காலைத் தூக்கிக்கொண்டால்தான் முழுக் கனமும் இறங்குமாம். ஒரு நாள் கடலே நேரில் வந்து நாரையிடம்...

“அப்புறம்?”

அப்புறம் பொன்னேரி அரிசி ஆலை வந்துவிட்டது. நான் சிறுவனாக இருந்தபோது, அறுப்பு முடிந்தால் நெல் மூட்டைகளோடு மாட்டுவண்டியில் ஆலைக்குப் போவோம். போகிற வழியில்தான் அப்பா கதை சொல்வார். வாசலில் வண்டி நின்றதும் அவர் மூட்டை இறக்கப் போய்விடுவார். நான் மெஷினை வேடிக்கை பார்க்க ஓடிவிடுவேன். திரும்பும்போது அரிசி மூட்டைமேல் தூக்கம். மீதியை ஒருநாளும் கேட்டதில்லை. எனக்குத் தெரிந்த கதைகள் எல்லாமே ஆலை வாசல்வரைதான் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. கேட்க அப்பாவும் இல்லை.

“உங்களுக்கும் தெரியாதாப்பா?”

“தெரியாது.”

“அப்ப என்னைய மட்டும் ஏன் புக்குல போட்டீங்க?”

வீட்டில் மூன்று அலமாரி புத்தகம் இருந்தது. ஒன்றும் உதவவில்லை. “திரும்பப் பேரு குடுத்துடலாம்மா” என்றேன்.

“வேணாம்பா. மேடையில ஏறினா நாரை நாரைன்னு கத்துவாங்க.”

விழாவன்று மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து, மற்றவர்கள் பெற்ற பிள்ளைகள் கதை சொல்வதைக் கேட்டோம். ஒரு சின்னப் பெண் நடுவில் மறந்துபோய் விழித்தாள். என் பக்கத்தில் மகளின் உதடுகள் அசைந்தன. விட்டுப்போன வரியை அவள் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அங்கிருந்து கடைசிவரை, ஒரு வார்த்தை பிசகாமல். அந்தக் கதையை நான் கேள்விப்பட்டதே இல்லை.

“இது உனக்கு எப்படிம்மா தெரியும்?”

“எல்லாருக்கும் தெரியும்பா. இத மாதிரி நெறைய இருக்கு. நீங்க நாரைய மட்டும்தான கேட்டீங்க?”

வீட்டுக்கு நடக்கும்போது அவள் முன்னால் போய்க்கொண்டிருந்தாள். மனைவியிடம் மெதுவாகச் சொன்னேன்: “மன்னிப்புக் கேட்டு அதே பத்திரிகையில ஒண்ணு எழுதிடறேன்.”

“பேஜாரே வேணாம்” என்றாள் மனைவி. “அதையும் அந்த டீச்சர் கிளாஸ்ல படிச்சிக் காட்டுவாங்க.”